வலைநிரல் கற்றல்: கட்டணம் செலுத்துமுன் ஒரு பயிற்சி

கல்விக் கடன் கேட்டு வங்கிக் கிளைகளுக்கு வருவோரிடம் அண்மை ஆண்டுகளில் ஒரு புதிய கேள்வியைக் கேட்டு வருகிறோம். பொறியியல், மருத்துவம், வெளிநாட்டுப் பட்டப்படிப்பு ஆகியவற்றோடு, ஆறு மாதத்தில் வலைத்தளம் உருவாக்கக் கற்றுத் தருவதாகக் கூறும் இணையவழிப் படிப்புகளுக்கும் கடன் கிடைக்குமா என்பதே அக்கேள்வி. நம் கிளை ஒன்றுக்கு ஒரு தந்தையும் மகளும் அவ்வாறே வந்தனர். மகள் வணிகவியல் பட்டதாரி. படிப்புக் கட்டணம் ₹1,50,000. பதிவுக் கட்டணம் தனியாக ₹5,000. தந்தையின் சேமிப்பில் அத்தொகைக்கு இடமில்லை.

கடன் பிரிவில் இருந்த அதிகாரி விண்ணப்பப் படிவத்தை எடுக்குமுன், “இதுவரை ஏதேனும் கற்றிருக்கிறீர்களா அம்மா?” என்று கேட்டார். அப்பெண் தம் கைப்பேசியை நீட்டினார். இலவசப் பாடத்தளம் ஒன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிகளை முடித்திருந்தார். ஒவ்வொன்றின் எதிரிலும் பச்சைக் குறி. “அந்தத் தளத்தைத் திறக்காமல், வெறும் பக்கத்தில் உங்கள் பெயர் மட்டும் தோன்றுமாறு எழுத முடியுமா?” என்று அடுத்த கேள்வி வந்தது. சற்று நேரம் யோசித்துவிட்டு, “எங்கே எழுதத் தொடங்குவது என்றே தெரியவில்லை சார்” என்றார் அவர்.

இந்த நேர்மையான விடைதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. பயிற்சிகளை முடித்தும் தாமாக ஒரு பக்கம் எழுத இயலாத நிலை அவருக்கு மட்டும் உரியதன்று; தொடக்க நிலையில் இருப்போர் பெரும்பாலோர் இதைக் கடந்தே செல்கின்றனர். அது அறிவுக் குறைவால் நேர்வதும் அன்று. பாடம் கட்டமைக்கப்பட்டுள்ள முறையிலேயே அதற்கான காரணம் இருக்கிறது.

மூன்று மொழிகளும் ஒரே சன்னலும்

வலைப்பக்கம் மூன்று மொழிகளால் ஆனது. வங்கியில் பணம் செலுத்தும் சலானை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். பெயர், கணக்கு எண், தொகை என எந்தக் கட்டம் எங்கே அமைய வேண்டும் என்பதை வகுப்பது எச்.டி.எம்.எல். அக்கட்டங்களின் நிறம், எழுத்தின் அளவு, இடைவெளி ஆகியவற்றைத் தீர்மானிப்பது சி.எஸ்.எஸ். நிரப்பிய தொகையைக் கூட்டிச் சரிபார்த்து, பிழை இருந்தால் திருப்பிக் கொடுக்கும் எழுத்தரின் வேலையைச் செய்வது ஜாவாஸ்கிரிப்ட். சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் 1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்த திட்டத்திலிருந்து வலை பிறந்தது. சி.எஸ்.எஸ். குறித்த முன்மொழிவை ஹோகன் வியும் லீ 1994-இல் வெளியிட்டார். ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் 1995-இல் பத்தே நாள்களில் எழுதி முடித்தார். அந்த அவசரத்தின் தடயங்கள் இன்றும் அம்மொழியில் உள்ளன. அவற்றுள் ஒன்றைப் பின்னர் நேரிலேயே சந்திப்போம்.

இம்மூன்றையும் படித்துச் செயல்படுத்தும் ஆற்றல் உலாவியிலேயே, அதாவது நாம் அன்றாடம் பயன்படுத்தும் பிரவுசரிலேயே அமைந்துள்ளது. ஆகவே ஒரே சன்னலில் இடப்பக்கம் பாடம், நடுவில் எழுதும் இடம், வலப்பக்கம் விளைவு என்று வைத்துக் கற்பிக்க முடியும். நியூயார்க்கில் 2011-இல் தொடங்கப்பட்ட கோடகாடமி இம்முறையைப் பரவலாக்கியது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அந்நகர மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கே தாமும் நிரல் எழுதக் கற்கப்போவதாக அறிவித்தார். 2014-இல் குயின்சி லார்சன் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப் இலாப நோக்கற்றது. அதன் பாடங்கள் இலவசம்.

முதன்முதலாக நிரல் எழுதுவோர்க்கு இத்தகைய பாடங்களைவிடச் சிறந்த வாயில் இல்லை என்பதே நம் கருத்து. எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஓர் அடைப்புக்குறி விடுபட்டால் மறு நொடியே தெரிந்துவிடும். கணினி ஆய்வகத்தில் ஒரு நாளும் அமர்ந்திராத வணிகவியல், கலைத்துறைப் பட்டதாரிகளுக்கு முதல் வாரத்தில் ஏற்படும் அச்சத்தை இது நீக்குகிறது. ஒரே ஒரு நிபந்தனை: விசைப்பலகை வேண்டும். கைப்பேசியின் தொடுதிரையில் அடைப்புக்குறிகளையும் அரைப்புள்ளிகளையும் தேடித் தட்டுவது கற்பவரை வீணே களைப்படையச் செய்யும். பழைய மடிக்கணினியே போதுமானது.

குறை எங்கே தொடங்குகிறது? எழுதும் இடத்தில் தொண்ணூறு விழுக்காடு முன்பே எழுதப்பட்டிருக்கும். கற்பவர் நிரப்புவது ஒரு வரி, சில நேரம் ஒரே சொல். கோப்பை எங்கே சேமிப்பது, மூன்று மொழிகளையும் எவ்வாறு இணைப்பது, அடுத்து என்ன செய்வது என்ற முடிவுகள் அனைத்தையும் பாடத்தை வகுத்தவரே எடுத்துவிடுகிறார். பச்சைக் குறி உண்மையைத்தான் சொல்கிறது. அந்த ஒரு வரி சரி என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

கற்றல் பற்றிய ஆய்வுகளும் இதற்கு விளக்கம் தருகின்றன. அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தோரையும், ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தோரையும் ஒப்பிட்டனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தோரே முன்னின்றனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது: எழுதிப் பார்த்தோர் மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். பாடத்தளத்தில் கண்ணெதிரே மாதிரி இருக்க எழுதுவது முதல் வகையைச் சார்ந்தது. ஆகவே இன்று முடித்த பாடத்தை நாளைக் காலை, தளத்தை மூடிவைத்து, வெறும் கோப்பில் நினைவிலிருந்து எழுத வேண்டும். முதல் முறை பாதிகூட வராது. வராத இடத்தைக் குறித்துக்கொண்டு, அதை மட்டும் பாடத்தில் பார்த்துவிட்டு மீண்டும் மூடிவிட வேண்டும். வெட்டி ஒட்டுதல் அறவே கூடாது.

தவணைக் கணக்குப் பக்கம்

அப்பெண்ணுக்கு நம் அதிகாரி ஒரு பயிற்சியைத் தந்தார். கடன் தொகை, ஆண்டு வட்டி வீதம், மாதங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தட்டினால் மாதத் தவணையைக் காட்டும் பக்கம் ஒன்றைத் தாமே எழுத வேண்டும். எந்தப் பாடத்தளமும் துணைக்கு இல்லை. கணினியிலேயே உள்ள நோட்பேடில் கோப்பைத் திறந்து, எச்.டி.எம்.எல். என்ற பின்னொட்டோடு சேமித்து, அதை உலாவியில் திறந்தால் போதும். இதற்கு இணைய இணைப்புகூடத் தேவையில்லை. வாசகர்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

முதலில் கணக்கைத் தாளில் போட்டுக்கொள்வோம். கடன் ₹1,55,000, ஆண்டு வட்டி 9%, காலம் 24 மாதம் எனக் கொள்வோம். ஆண்டு வட்டியை 12-ஆலும் 100-ஆலும் வகுத்தால் மாத வட்டி வீதம் 0.0075. அதனோடு 1-ஐக் கூட்டி, கிடைக்கும் 1.0075-ஐ அதனாலேயே தொடர்ந்து பெருக்கி 24-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் 1.196414 வரும். கடன் தொகையை மாத வட்டி வீதத்தாலும் இந்த எண்ணாலும் பெருக்கி, இந்த எண்ணில் ஒன்று குறைத்த 0.196414-ஆல் வகுத்தால் மாதத் தவணை ₹7,081. நிரல் எழுதுமுன் தாளில் ஒரு விடையைக் கண்டு வைத்துக்கொள்ளும் பழக்கம் விலைமதிப்பற்றது. ஒப்பிட ஏதும் இல்லாதவருக்குத் தம் பிழை தெரியாது.

பக்கத்தில் படிப்புக் கட்டணத்துக்கு ஒரு கட்டமும் பதிவுக் கட்டணத்துக்கு ஒரு கட்டமும் வைத்து, இரண்டையும் கூட்டிக் கடன் தொகையாகக் கொள்ளுமாறு எழுதினார் அப்பெண். பொத்தானை அழுத்தியதும் திரையில் தோன்றிய மாதத் தவணை 6 கோடியே 85 இலட்சத்துக்கும் மேல்!

இங்கேதான் ஜாவாஸ்கிரிப்டின் பழைய இயல்பு வெளிப்படுகிறது. பக்கத்தின் கட்டத்தில் நாம் தட்டுவது எதுவாயினும் அதை அம்மொழி எழுத்துகளின் வரிசையாகவே பெற்றுக்கொள்கிறது. கூட்டல் குறிக்கு அதில் இரு பொருள் உண்டு: எண்களாயின் கூட்டும், எழுத்துகளாயின் ஒட்டும். 150000-ஐயும் 5000-ஐயும் அது கூட்டவில்லை. அடுத்தடுத்து ஒட்டி 1500005000 ஆக்கிவிட்டது. அதாவது 150 கோடியே ஐயாயிரம் ரூபாய்க் கடன். பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் இவ்விரு பொருள் இல்லையாதலால் எஞ்சிய கணக்கு முழுவதும் தடையின்றி நடந்து முடிந்தது. ஒவ்வொரு கட்டத்தின் மதிப்பையும் நம்பர் என்னும் கட்டளைக்குள் இட்டு எண்ணாக மாற்றிய பின்னரே கூட்ட வேண்டும். பாடத்தளத்தின் பயிற்சிகளில் இந்தச் சிக்கல் அவருக்கு எழவே இல்லை. அங்கே எண்கள் நிரலுக்குள் எண்களாகவே முன்கூட்டி எழுதப்பட்டிருந்தன.

இரண்டாவது பிழை இதனினும் நுட்பமானது. கூட்டலைத் திருத்திய பின் விடை பதினாறாயிரத்தை ஒட்டி வந்தது. ஆண்டு வட்டியை 100-ஆல் வகுத்தவர், 12-ஆல் வகுக்க மறந்துவிட்டார். மாதந்தோறும் 9% வட்டி போடப்பட்டிருந்தது. 6 கோடி என்று வந்தால் எவரும் சிரித்துவிட்டுப் பிழையைத் தேடுவர். பதினாறாயிரம் என்பதோ நம்பத்தக்க தொகையாகத் தோன்றுகிறது. உலாவி எந்தச் செய்தியும் தராது. அதன் பார்வையில் நிரலில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. தாளில் ₹7,081 என்று குறித்து வைத்திருந்தமையால்தான் அது பிடிபட்டது. வேலையில் அமர்ந்த பின் வலைநிரலாளரை வருத்துவன பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைப் பிழைகளே.

பிழையைத் தேடும்போது எஃப்12 விசையை அழுத்தினால் உலாவியின் கன்சோல் என்னும் பகுதி திறக்கும். நிரலின் இடையே ஒவ்வொரு மதிப்பும் என்னவாக இருக்கிறது என்பதை அங்கே அச்சிட்டுப் பார்க்கலாம். இந்த ஒரு கருவியைக் கையாளக் கற்றவர் பாதிக் கிணறு தாண்டியவரே. பழமொழிக்கு மாறாக, இங்கே அது நற்செய்தி.

மற்றுமொரு சிறு வியப்பு: 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் 0.30000000000000004 என்று விடை தரும். கணினி எண்களை இரும முறையில் சேமிப்பதால் 0.1 அதற்கு முடிவுறாப் பின்னமாகிவிடுகிறது. பல மொழிகளிலும் இதே நிலைதான். பணக்கணக்கைப் பைசாவாக மாற்றி முழு எண்களில் செய்வது இதற்கு எளிய மாற்று. 155000 என்பதை நம் வழக்கப்படி 1,55,000 என்று காற்புள்ளியிட்டுக் காட்டவும் உலாவியில் வசதி உண்டு. இந்திய முறையைக் கேட்டுப் பெற வேண்டும். கேளாவிடில் மேலை முறைப்படி 155,000 என்று வரக்கூடும்.

எங்கே, எவ்வளவு காலம்

ஃப்ரீகோட்கேம்ப் தன் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் சுமார் 300 மணி நேரம் தேவைப்படும் என்று நெடுங்காலமாகக் குறிப்பிட்டு வந்தது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவோர்க்கு ஒரே சான்றிதழுக்குப் பத்து மாதம் ஆகும். நாள்தோறும் மூன்று மணி நேரம் எனில் நூறு நாள். ஆறு மாதத்தில் அனைத்தும் என்னும் விளம்பரத்தைக் காணும்போது இந்தக் கணக்கை நினைவில் கொள்வது நன்று.

நம் நாட்டிலேயே உள்ள வாய்ப்புகளும் குறைவல்ல. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டம் ஏறத்தாழப் பத்து நிமிட அளவிலான ஒளிப்பாடங்களை இந்திய மொழிகளில் குரல் கொடுத்து இலவசமாக வழங்குகிறது. தமிழிலும் பல பாடங்கள் உள்ளன. திரையின் ஒரு பாதியில் பாடத்தை ஓடவிட்டு, மறு பாதியில் கற்பவர் அதையே செய்து பார்க்க வேண்டும் என்பது அதன் முறை. ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல்., மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ஸ்வயம் ஆகியவற்றில் பாடங்களுக்குக் கட்டணமில்லை; சான்றிதழுக்கான தேர்வுக்கே கட்டணம். ஐயம் எழும்போது பார்க்க எம்.டி.என். என்னும் இலவசக் குறிப்பேடு உண்டு. அது ஆங்கிலத்தில் உள்ளது. ஆயினும் தொழிலில் உள்ளோர் அன்றாடம் நாடுவது அதையே என்பதால், சிறிது சிறிதாகப் பழகிக்கொள்ள வேண்டும்.

இலவசம் என்றால் பாதியில் விட்டுவிடுவார்களே என்று பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இணையப் பாடங்களைப் பற்றி 2019-இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வின்படி, 2017-18-இல் சேர்ந்தோருள் நூற்றுக்குச் சுமார் மூவரே முடித்தனர். சான்றிதழுக்குக் கட்டணம் செலுத்தியோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் முடித்தனர். கட்டணம் செலுத்தியதால்தான் முடித்தார்களா, முடிக்கும் உறுதி உடையோரே கட்டணம் செலுத்தினார்களா என்பது வேறு கேள்வி. இரண்டாவது காரணத்துக்கும் பெரும் பங்கு உண்டு என்றே நாம் எண்ணுகிறோம். எவ்வாறாயினும், பாதிப் பேர் முடிக்கவில்லை என்பதையும் அதே எண் சொல்கிறது.

பணம் செலுத்தும் இடத்தில்

மாதச் சந்தாவில் ஏழு நாள் இலவசம் என்று அட்டை எண்ணைக் கேட்கும் தளங்கள் பல. இலவச நாள்கள் முடிந்ததும் சந்தா தானாகவே பிடித்தம் செய்யப்படும். இந்திய அட்டைகளைப் பொறுத்தவரை, ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி இத்தகைய தொடர் பிடித்தத்துக்கு முதலில் கூடுதல் சரிபார்ப்புடன் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பிடித்தத்துக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்குச் செய்தி வர வேண்டும். 2022 ஜூன் முதல் ₹15,000 வரையிலான பிடித்தங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்கப்படுவதில்லை. ஆகவே அந்த முன்னறிவிப்புச் செய்தியைப் படிக்காமல் நீக்கிவிடாதீர்கள். வேண்டாத சந்தாவை நிறுத்தும் வழி அதிலேயே இருக்கும்.

பெருந்தொகைப் படிப்புகளில் பயிற்சி நிறுவனமே கடன் வழங்கும் நிறுவனம் ஒன்றை அறிமுகம் செய்து வைக்கிறது. ஆவணங்களில் கையொப்பமிட்ட பின் அது இரு தனித்தனி உறவுகளாகிவிடுகிறது. படிப்பை இரண்டாம் மாதமே விட்டாலும், பாடம் தரமற்றது என்று வாதிட்டாலும், கடன் தன் போக்கில் நிற்கும். தவறிய தவணைகள் கடன் வரலாற்று அறிக்கையில் ஏறும். அது பின்னாளில் வீட்டுக் கடன் கேட்கும்போது குறுக்கே வரும். அரசின் திறன் கடன் திட்டத்தின் கீழ் வரும் படிப்பா என்பதைக் கிளையில் முதலில் கேட்டறியலாம். 2024-இல் திருத்தப்பட்ட அத்திட்டத்தில் உச்சவரம்பு ₹7.5 இலட்சம், ஆனால் அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டுமே அது பொருந்தும்.

அத்தந்தையும் மகளும் ஏறத்தாழ ஏழு வாரம் கழித்து மீண்டும் வந்தனர். பக்கம் தயாராகிவிட்டது. எனினும் மகளின் முகத்தில் கலக்கம் தெரிந்தது. பயிற்சி நிறுவனம் பரிந்துரைத்த கடன் நிறுவனம் 9% வட்டியில் 24 மாதத் தவணை ₹7,621 என்று எழுதிக் கொடுத்திருந்தது. அவருடைய பக்கமோ ₹7,081 என்றே காட்டியது. ₹540 வேறுபாட்டுக்குக் காரணமான பிழை தம் நிரலில் எங்கோ இருக்கிறது என்று இரண்டு இரவுகள் தேடியிருக்கிறார். கன்சோலில் ஒவ்வொரு வரியையும் அச்சிட்டுப் பார்த்தும் அகப்படவில்லை.

அதிகாரி அத்தாளை வாங்கிப் பார்த்தார். நிரலில் பிழை இல்லை. தாளில் இருந்தது தட்டை வட்டி, அதாவது ஃபிளாட் ரேட். செலுத்தச் செலுத்த அசல் குறைந்துவருவதைக் கணக்கில் கொள்ளாமல், முழுத் தொகையான ₹1,55,000-க்கும் இரண்டு ஆண்டுக்கு 9% என்று ₹27,900 வட்டியைச் சேர்த்து 24-ஆல் வகுத்திருந்தார்கள். குறைந்துவரும் அசலுக்கு அதே வீதத்தில் வரக்கூடிய மொத்த வட்டி ₹14,947 மட்டுமே. கடன் வழங்குவோர் தர வேண்டிய முக்கிய விவரக் குறிப்பில் ஆண்டு விழுக்காட்டு வீதம் என்ற ஓர் எண் இருக்கும். ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி அதைக் கேட்டுப் பெறும் உரிமை கடன் பெறுவோர்க்கு உண்டு. அதைக் கேட்டீர்களா என்று அதிகாரி வினவினார். இருவரும் கேட்டிருக்கவில்லை.

மகள் தம் பக்கத்தைத் திறந்தார். வட்டி வீதத்தின் கட்டத்தில் 9-ஐ அழித்துவிட்டு 12 என்று தட்டினார், போதவில்லை. 15, பிறகு 16. தவணை ₹7,621-ஐ எட்டியபோது கட்டத்தில் 16.4 என்றிருந்தது. தந்தை அந்த எண்ணைக் கடன் நிறுவனத்தின் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டு, அன்று விண்ணப்பம் எதுவும் வாங்காமல் எழுந்தார். மகள் மட்டும் ஒரு நிமிடம் நின்று, தட்டை வட்டிக்கும் ஒரு கட்டம் சேர்த்தால் இரண்டையும் பக்கம் பக்கமாகக் காட்டலாமே என்று கேட்டு, அதற்கான கணக்கை ஒரு சலானின் பின்புறத்தில் எழுதி வாங்கிச் சென்றார்.